தப்பியோட முயன்ற பங்குத்தந்தை

பங்குக் குருக்களின் பாதுகாவலராகக் கத்தோலிக்கத் திருச்சபை வணங்கும் புனித ஜோன் மரிய வியான்னி, படையிலிருந்து தப்பி மறைந்து வாழ்ந்தவர். ஓகஸ்ட் 4 ஆம் திகதி அவரது திருநாளன்று மறையுரைகளில் அவரது தவமும் உருளைக்கிழங்கும் கட்டாயம் வரும். தலைமறைவுக் காலம் பற்றி நான் எந்தக் கோவிலிலும் கேட்டதில்லை. வாசித்தே அறிந்தேன்.

அவர் 1786 இல் பிரான்சின் லியோன் நகருக்கு அருகே டார்டிலி என்ற ஊரில், ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தார். மூன்று வயதில் பிரெஞ்சுப் புரட்சி. அரசுக்குச் சத்தியம் செய்ய மறுத்த குருக்கள் மறைந்து திரிந்தார்கள். பூசை இரவில் வீடுகளில் நடந்தது. 1799 இல் அவருக்கு முதல்நன்மை கொடுக்கப்பட்ட வீட்டின் யன்னல்களை மறைத்துப் புல் வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்தன. மெழுகுதிரி வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது அல்லவா.

குருவாகப் படிக்கத் தொடங்கியபோது வயது இருபது. இலத்தீன் மண்டையில் ஏறவில்லை. 1809 இல் நெப்போலியனின் ஸ்பெயின் போருக்கு ஆள் கேட்டு அழைப்பு வந்தது. குருத்துவ மாணவருக்கு இருந்த விலக்கு அவருக்குக் கிடைக்கவில்லை. நோயில் விழுந்தார், வைத்தியசாலையில் கிடந்தார், எழுந்தபோது அவரது அணி புறப்பட்டுவிட்டது. பின்னால் போனவரை வழியில் ஓர் இளைஞன் மலைப்பகுதிக்குள் கூட்டிச் சென்றான். அந்தக் காட்டுப்பகுதியில் ஏற்கெனவே பலர் ஒளிந்திருந்தார்கள். லே நோயே என்ற கிராமத்தில் வேறு பெயரில், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். தேடுதல் வந்தபோது புல் குவியலுக்குள் புதைந்து மூச்சுத் திணறியிருக்கிறார்.

இதை வாசிக்கும் பலருக்கு விளக்கம் தேவையில்லை. பிள்ளையை ஒளிக்க வீட்டுக்குள் கிடங்கு வெட்டியவர்களும், படிக்கிற பிள்ளைக்கு அவசரமாகத் தாலி கட்டிவைத்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

1810 இல் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அவருக்குப் பதிலாகத் தம்பி பிரான்சுவா படைக்குப் போனார். நான் பார்த்த வாழ்க்கை வரலாறுகளில் அந்தத் தம்பிக்கு இரண்டு மூன்று வரிகள்தான். ஒருவர் தப்பிய இடத்தில் இன்னொருவர் நிற்க வேண்டியிருந்தது என்பது வியான்னியின் மனதில் என்ன செய்திருக்கும் என்று யோசிக்காமல் என்னால் அந்த வரிகளைத் தாண்ட முடியவில்லை.

குருமடம் அவரைத் திருப்பி அனுப்பியது. எக்குலி ஊரின் பங்குத்தந்தை பலே விடாமல் சொல்லிக்கொடுத்ததால் 1815 இல், 29 வயதில், குருவானார். 1818 இல் ஆர்ஸ் கிராமம் கிடைத்தது. மொத்தம் 230 பேர். புரட்சிக்குப் பின் கோவிலை மறந்திருந்த ஊர்.

தொடக்கத்தில் அவர் இலகுவான மனிதர் அல்ல. மதுக்கடைகளோடும் ஊர் நடனங்களோடும் மோதினார். நடனமாடியவர்களுக்குப் பாவமன்னிப்பை மறுத்தார். இளம் குருமார் பலர் செய்யும் பிழைதான் இது என்பது என் எண்ணம். ஆனால் அதே நேரம் அவர் வீடு வீடாகப் போனார். அறைவீட்டிலிருந்த நல்ல தளபாடங்களைத் திருப்பிக் கொடுத்தார். 1824 இல் பெண்பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அது பின்னர் அநாதைப் பிள்ளைகளின் இல்லமாகவும் ஆனது. நடத்தியவர்கள் ஊரிலேயே வளர்ந்த இளம் பெண்கள். அவர்களில் ஒருவரான கத்தரின் லசாஞ் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகள் இல்லாவிட்டால் வியான்னியைப் பற்றி நமக்குத் தெரிந்தது பாதியாகியிருக்கும். 1847 இல் அந்தப் பள்ளி அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டுக் கன்னியர் சபையிடம் கொடுக்கப்பட்டது. ஊரார் கட்டியதை நிறுவனம் பொறுப்பேற்கும் கதை இங்கும் புதிதல்ல.

பிறகு சனம் வரத் தொடங்கியது. பிரான்ஸ் முழுவதிலுமிருந்து, ஆண்டுக்குப் பல்லாயிரக்கணக்கில், பாவசங்கீர்த்தனத்துக்காக. குளிர்காலத்தில் பதினொரு பன்னிரண்டு மணித்தியாலங்கள், கோடையில் பதினாறு வரை அவர் உட்கார்ந்து கேட்டார். தூக்கம் சில மணித்தியாலங்கள். ஒரு தடவை அவித்த உருளைக்கிழங்கைப் பல நாட்கள் சாப்பிட்டார். படிப்பறிவு குறைந்த இவரிடமா போகிறீர்கள் என்று அயல் பங்குக் குருக்கள் முணுமுணுத்தார்கள். ஆயருக்கு எழுதிய முறைப்பாடு கைமாறி அவரிடமே வந்தபோது, தானும் கையொப்பமிட்டு அனுப்பினார். இதைத் தாழ்ச்சி என்று சொல்லிச் சிரித்துக் கடந்துவிடலாம். எனக்கு அதில், தன்னைப் பற்றிய அந்தத் தீர்ப்பை உண்மையிலேயே நம்பிய ஒரு மனிதர் தெரிகிறார்.

ஏனென்றால் அவர் ஓடினார். 1840 இல் ஓர் இரவு புறப்பட்டுப் பாதி வழியில் திரும்பினார். 1843 இல் சாவின் விளிம்புவரை போன நோய்க்குப் பிறகு, இருட்டில் நடந்து தன் பிறந்த வீட்டுக்கே போய்விட்டார். சனம் அங்கும் தேடிப் போனது. சில நாட்களில் திரும்பினார். 1853 இல் மறுபடியும். இந்த முறை ஊர் விழித்துக்கொண்டது. மணி அடித்தார்கள், வழியை மறித்தார்கள். புதிய உதவிக் குரு அவரது செபப் புத்தகத்தை எடுத்து ஒளித்துவைத்துத் தாமதப்படுத்தினார். அவர் கேட்டதெல்லாம் ஒதுங்கியிருந்து அழுவதற்கு ஒரு தனிமை. விலக அனுமதி கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. 1845 இல் கொடுத்த முதல் உதவிக் குருவோ, எட்டு வருடங்கள் அவரை அதட்டி நடத்தியவர்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைப் பற்றி எழுதப் போன இடங்களில், ஐம்பது அறுபது குடும்பங்கள் கொண்ட சிறு சபைகளின் போதகர்களையும் பங்குத்தந்தையரையும் சந்தித்திருக்கிறேன். படிவம் நிரப்புவது, கடன் தகராறு, தற்கொலைக்கு முயன்ற பிள்ளை, எலும்பு கிடைக்காத மரணத்துக்கு நினைவுப் பூசை எல்லாம் அவர்களிடம்தான் வருகின்றன. அவர்களில் பலர் அதே முகாம்களில் இருந்தவர்கள், அதே இழப்பைச் சந்தித்தவர்கள். யாரிடம் போய்ச் சொல்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு சிரிப்புத்தான் பதில். ஆர்ஸின் கதையில் ஊரின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வழியை மறித்த அந்தக் கூட்டத்தில் யாராவது, அவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடுப்போம் என்று யோசித்தார்களா? அவரது மேலிடம் யோசித்ததா? புனிதர் என்று அழைப்பது, களைத்துவிட்டார் என்று ஒத்துக்கொள்வதைவிட எல்லாருக்கும் சுலபமாக இருந்திருக்கிறது.

1855 இல் அரசு அவருக்கு லெஜியன் டொனர் விருது கொடுத்தது. அப்போது பேரரசர் மூன்றாம் நெப்போலியன். யாருடைய படையிலிருந்து அவர் தப்பினாரோ அவரின் தம்பி மகன். வியான்னி அதை அணியவில்லை.

1859 ஜூலை கடும் வெக்கை. 29 ஆம் திகதியும் வழமைபோல நாள் முழுக்கப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். அடுத்த நாள் எழும்ப முடியவில்லை. படுக்கையில் கிடந்தபடியே இன்னும் சிலருக்குக் கேட்டார். ஓகஸ்ட் 4 அதிகாலை, 73 வயதில், இறந்தார். அப்போதும் அவர் ஆர்ஸின் பங்குத்தந்தையாகவே இருந்தார்.