உயிரைக் கொடுத்த ஆசிரியை

பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் பாடப் புத்தகத்தைத் திறந்தால், பல இடங்களில் காகிதம் ஒட்டி மறைக்கப்பட்டிருக்கிறது. மறைத்ததைப் பிள்ளைகள் படிக்கக்கூடாது!

பிலிப்பைன் தீவுகளில் 1942-ம் ஆண்டு இந்த நிலை ஏற்பட்டது.

அதுவரை அந்த நாடு அமெரிக்காவின் ஆதிக்கத்தில் இருந்தது. பள்ளிகளில் ஆங்கிலத்தில் பாடம் நடந்தது. 1942 ஜனவரி 2-ந் தேதி ஜப்பானியப் படை தலைநகர் மணிலாவுக்குள் புகுந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அமெரிக்கா, இங்கிலாந்து நாடுகளை நம்பியிருக்கும் எண்ணத்தை மக்கள் விட்டுவிட வேண்டும், ஜப்பானிய மொழியைக் கற்கவேண்டும் என்று பிப்ரவரி 17-ந் தேதி ராணுவம் உத்தரவு போட்டது. அதன்பின் ஜூன் மாதம்தான் பள்ளிகள் திறக்கத் தொடங்கின.

அந்த இருண்ட நாட்களில் துணிந்து நின்ற ஓர் ஆசிரியையின் கதை இது. அவர் பெயர் ஜோசபா எஸ்கோடா.

கிராமத்துப் பெண்

1898-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி டிங்ராஸ் என்ற ஊரில் ஜோசபா பிறந்தார். ஏழு குழந்தைகளில் அவரே மூத்தவர். மணிலாவில் ஆசிரியர் பயிற்சி பெற்று 1919-ல் சிறப்பாகத் தேறினார். பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியால் அமெரிக்கா சென்றார். 1925-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அன்டோனியோ எஸ்கோடா என்ற பத்திரிகை நிருபரை மணந்தார். இரண்டு குழந்தைகள் பிறந்தனர்.

ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது, பிறருக்கு உதவவும் பெண்கள் கற்கவேண்டும் என்று ஜோசபா எண்ணினார். பெண்கள் சாரணர் இயக்கத்தைத் தம் நாட்டில் தொடங்கினார். 1940 மே 26-ந் தேதி அதற்கு அரசின் அங்கீகாரம் கிடைத்தது.

கைதிகளின் தாய்

1942 ஏப்ரல் 9-ந் தேதி பட்டான் பகுதி வீழ்ந்தது. பிலிப்பினோ, அமெரிக்க வீரர்கள் பல்லாயிரம் பேர் கைதிகளாகக் கொடும் வெயிலில் நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலும் முகாமிலும் பசியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கானவர்கள் மடிந்தனர்.

முகாமில் இருப்பது யார், இறந்தது யார் என்று தெரியாமல் குடும்பங்கள் தவித்தன. ஜோசபாவும் அவர் கணவரும் கைதிகளின் பெயர்களைச் சேகரித்தனர். மாதர் சங்கத்துப் பெண்களின் துணையோடு சோறு, மருந்து, துணி ஆகியவற்றை முகாம்களுக்கு அனுப்பினர். கடிதங்களையும் ரகசியமாகக் கொண்டுசேர்த்தனர். அகப்பட்டால் மரணம்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். வீட்டில் பிள்ளைகள் இருந்தனர். ஆனாலும் அவர்கள் நிறுத்தவில்லை.

கடைசி நாட்கள்

1944 ஜூனில் கணவர் பிடிபட்டார். ஆகஸ்ட் 27-ந் தேதி ஜோசபாவும் கைதானார். மணிலாவின் சான்டியாகோ கோட்டையில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள்.

1945 ஜனவரி 6-ந் தேதிதான் அவரைக் கடைசியாக உயிரோடு கண்டார்கள். பலமாக அடிபட்டிருந்தார். எங்கே தெரியுமா? ஒரு பல்கலைக்கழகக் கட்டிடத்தில்! பிள்ளைகள் படித்த அந்த இடத்தை ராணுவம் பிடித்துக்கொண்டிருந்தது. அதன்பின் அவரைப் பார்த்தவர் இல்லை. அப்போது அவருக்கு வயது 46. உடலும் கிடைக்கவில்லை. கணவரும் திரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து, பிப்ரவரியில், அமெரிக்கப் படை மணிலாவுக்குள் நுழைந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் இருவரும் விடுதலையைக் கண்டனர்.

1991-ல் வெளிவந்த 1,000 பீசோ நோட்டில், போரில் உயிர் துறந்த மூவரின் படங்கள் இருந்தன. அவர்களில் ஒரே பெண் ஜோசபா. அவர் தொடங்கிய சாரணர் இயக்கத்தில் இன்றும் சிறுமிகள் சேர்கிறார்கள்.

புத்தகத்தில் காகிதம் ஒட்டி எழுத்தை மறைக்கலாம். ஜோசபா வாழ்ந்து காட்டிய பாடத்தை எதை ஒட்டி மறைப்பது?