ஆற்றின் பெயர் கொண்ட ஐராவதி கார்வே

பர்மாவில் 1905ஆம் ஆண்டு பிறந்த ஐராவதி அம்மையாருக்குப் பெற்றோர் அந்நாட்டு ஆற்றின் பெயரையே சூட்டினர். ஏழு வயதில் கடல் கடந்து, பூனாவின் ஹுசூர்பாகா பெண்கள் பாடசாலை விடுதிக்கு வந்தார்.

பம்பாயில் பேராசிரியர் குர்யேயிடம் முதுமாணி முடித்து, 1928இல் பேர்லின் சென்றார். மண்டையோட்டின் இருபக்க வேறுபாடே ஐரோப்பியரின் அறிவு மேன்மைக்கு அடையாளம் என்று கருதியவர் அவரது வழிகாட்டி ஒய்கன் பிஷர். அதை ஆராயும் பணி இவரிடம் வந்தது. 149 மண்டையோடுகளை அளந்தார். அவ்வேறுபாட்டுக்கும் இனத்துக்கும் தொடர்பில்லை எனக் கண்டார். பட்டம் தரவேண்டியவரின் கருத்துக்கு மாறாயினும் கண்டதையே எழுதினார். கலாநிதிப் பட்டமும் பெற்றார். பிஷரின் கொள்கைகளோ பின்னர் நாசிகளுக்குத் துணைபோயின.

1939இல் பூனா டெக்கான் கல்லூரியில் சேர்ந்த அம்மையார், ஊரூராய்ச் சென்று மக்களை ஆராய்ந்தார். ஒரே சாதிப் பெயர் தாங்கியோரும் ஒரே வழியில் வந்தோரல்லர், வெவ்வேறு கூட்டத்தார் ஒரு பெயருக்குள் சேர்ந்தோரே என்றார். கொய்னா அணைக்காக ஊரிழந்தோரின் நிலையையும் ஆராய்ந்தார். பண்டரிபுர யாத்திரையில் அடியாரோடு நடந்து, அதையும் எழுதினார். கதிர்காம யாத்திரிகர் திருக்கோவிலில் தங்கிச் செல்வதைக் கண்டு வளர்ந்த நமக்கு அந்நடை புதிதன்று.

1970இல் அம்மையார் மறைந்தார். திசையெங்கும் பரந்து வாழும் பழைய மாணவியரே, யார் எங்கிருந்து வந்தவர் என்ற வாதம் எழும்போதெல்லாம், அளந்து பார்த்த பின்பே பேசிய இந்த விடுதி மாணவியை நினைத்துக்கொள்வோம்.