எதிரியின் மாளிகைக்குப் போன பூமாலை

யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் கோட்டை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். 1658இல் போர்த்துக்கேயரை முற்றுகையிட்டு ஒல்லாந்தர் அந்த இடத்தைப் பிடித்தனர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் இயேசு சபையினரும் இருந்தனர். பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரம் இவ்வளவுதான்.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில், அதே ஒல்லாந்தரின் படைத் தலைவருக்கு, எதிர்ப்பக்கத்தில் இருந்த இயேசு சபைச் சகோதரர் ஒருவர் பூக்களை வரைந்து அனுப்பியிருக்கிறார். ஊடகக் கற்கை படித்த காலத்தில், விரிவுரை ஒன்றில் திரையில் வந்துபோன படத்தின் வழியாகத்தான் இது எனக்குத் தெரியவந்தது. வரைந்தவர் பெயர் டானியல் சேகர்ஸ். அரசர்களும் பிரபுக்களும் தங்கள் மாளிகைச் சுவர்களுக்கு ஆசைப்பட்ட பூ ஓவியங்களின் சொந்தக்காரர். பிறகு அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படத்தைவிட அவரது சிறுவயதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

இன்றைய பெல்ஜியத்தில் உள்ள அன்ட்வெர்ப் நகரில் 1590 டிசெம்பரில் அவர் பிறந்தார். ஸ்பானிய ஆட்சிக்கும் அதை எதிர்த்த வடமாகாணங்களுக்கும் இடையிலான போர் 1568இல் தொடங்கியிருந்தது. அது 80 ஆண்டுகள் நீடித்தது. சேகர்ஸ் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், நீண்ட முற்றுகைக்குப் பின் அன்ட்வெர்ப் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. புரட்டஸ்தாந்தியர் மதம் மாற வேண்டும், அல்லது நான்கு ஆண்டுகளுக்குள் வெளியேற வேண்டும். போருக்கு முன் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் இருந்த நகரில் பாதிக்கும் குறைவானோரே எஞ்சினர்.

தந்தை பட்டு வியாபாரி. அவர் இறந்ததும், தாய் கல்வினிய மதத்தைத் தழுவி, சுமார் பத்து வயதான மகனுடன் வடக்கே ஒல்லாந்தக் குடியரசுக்குப் போனார். ஊரும் மதமும் அந்தப் பிள்ளைக்கு ஒரே வயதில் மாறின. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நடந்த சனத்துக்குள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன ஐந்து வயதுப் பிள்ளை நான். அதனால்தானோ என்னவோ, இந்த இடத்தை வெறும் தகவலாக வாசித்துக் கடக்க என்னால் முடியவில்லை.

1609இல் பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் வந்தது. அந்தக் காலத்தில் சேகர்ஸ் அன்ட்வெர்ப் திரும்பி, 1611இல் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார். அவருடைய குரு யான் புரூகல். பூக்களை நேரில் பார்த்தே வரைந்தவர். ஒரு பூ பூக்கும் பருவம் வரும்வரை காத்திருந்தவர். அதனால் ஒரே ஓவியத்தில் வெவ்வேறு மாதங்களில் மலரும் பூக்கள் சேர்ந்து நின்றன. தெய்வ உருவத்தைச் சுற்றிப் பூமாலை வரையும் வழக்கத்தையும் புரூகல்தான், மிலான் நகரக் கர்தினால் பொரோமெயோவுக்காகத் தொடக்கிவைத்தார்.

சேகர்ஸ் மீண்டும் கத்தோலிக்கரானார். 1614இல் இயேசு சபையில் சகோதரராகச் சேர்ந்தார். 1625இல் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்து, இரண்டு ஆண்டுகள் உரோமில் இருந்துவிட்டு அன்ட்வெர்ப் திரும்பினார். பெரும்பாலும் பூக்களை அவர் வரைவார். நடுவில் வரும் உருவத்தை வேறொரு ஓவியர் வரைவார். ரோசா, தியூலிப், மல்லிகை என ஒவ்வொரு பூவும் இப்போதுதான் பறித்தது போல இருக்கும்.

அவற்றைச் சபை விற்கவில்லை. அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் பரிசாகக் கொடுத்தது. காசு வாங்காத பரிசுதான் என்றாலும், அதற்குப் பதிலாகச் சபைக்குச் செல்வாக்கு கிடைத்தது. ஸ்பானிய நெதர்லாந்தின் ஆளுநர் லியோபோல்ட் வில்ஹெல்ம் இவரது ஓவியங்களைச் சேகரித்தார். தான் வரைந்த பூ ஓவியங்களுக்கு சேகர்ஸே ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதில் 239 ஓவியங்கள் இருக்கின்றன.

1645இல் அப்படியான ஒரு பரிசு போர்முனையைக் கடந்து ஹேக் நகருக்குப் போனது. பெற்றவர் ஒறேஞ் இளவரசர் பிரெட்ரிக் ஹென்றி, ஒல்லாந்தப் படைகளின் தலைவர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அவரது தந்தையைக் கத்தோலிக்கர் ஒருவர் சுட்டுக் கொன்றிருந்தார். அப்படிப்பட்டவருக்குப் போன ஓவியத்தின் நடுவில் இருந்தது மாதாவின் சிலை. 1566இல் கல்வினியர் அன்ட்வெர்ப் தேவாலயங்களுக்குள் புகுந்து உடைத்தது இத்தகைய சிலைகளைத்தான்.

இளவரசர் அதை ஏற்றுக்கொண்டார். பொன்னால் செய்த வண்ணத்தட்டையும் தூரிகைகளையும் பதிலுக்கு அனுப்பினார்.

பூ போரை நிறுத்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் இளவரசரின் படை அன்ட்வெர்ப்புக்கு அருகிலுள்ள ஹுல்ஸ்ட் நகரைப் பிடித்தது. 1648இல் சமாதானம் கையெழுத்தானபோதும், கடலுக்குப் போகும் அன்ட்வெர்ப்பின் ஆற்றுவழி வணிகக் கப்பல்களுக்குத் திறக்கப்படவில்லை. சண்டை முடிந்தது, ஊரின் பிழைப்பு திரும்பவில்லை. அந்த வித்தியாசத்தை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1658இல் இயேசு சபையினர் யாழ்ப்பாணத்தை விட்டு அனுப்பப்பட்டபோதும் சேகர்ஸ் உயிரோடுதான் இருந்தார். 1661 நவம்பரில் அன்ட்வெர்ப்பில் இறந்தார்.

அப்படியென்றால் அந்தப் பூமாலையால் என்ன பயன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர்கள் நாங்கள். அந்தச் சொல் வரும்போதெல்லாம் எதையாவது மறக்கச் சொல்கிறார்கள். எங்களுடைய ஏதோ ஒன்றை மறைத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். சேகர்ஸின் ஓவியம் எதையும் மறைத்துக்கொண்டு போகவில்லை. எதிரி ரசிக்கக்கூடிய பூக்கள் சுற்றிவர இருந்தன. எதிரி உடைத்தது நடுவில் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் அவர் ஏற்க வேண்டியிருந்தது.

அப்படியொரு மாலையை அனுப்ப என்னால் முடியுமா? தெரியவில்லை. ஆனால் அனுப்புவதென்றால், நடுவை வெறுமையாக விட்டு அனுப்பமாட்டேன்.

அந்த ஓவியம் இன்றும் ஹேக் நகரில், மொரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.