கேம்பிரிட்ஜில் ராமானுஜனுக்குக் கிடைத்த வீடு

செஞ்சியும் திருக்கோவிலூரும் அன்று ஒரே தென்னாற்காடு மாவட்டம். 1910 வாக்கில் கணித நோட்டுடன் திருக்கோவிலூர் போய், துணை கலெக்டர் வி.ராமசாமி ஐயரிடம் வேலை கேட்டார் ராமானுஜன். இவ்வளவு திறமைக்குக் குமாஸ்தா வேலையா என்று நினைத்த அவர், சிபாரிசுக் கடிதத்துடன் சென்னைக்கு அனுப்பினார்.

அந்த வழிதான் கேம்பிரிட்ஜ் வரை போனது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது. 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார்.

அங்கே போனதும் அவர் தங்கியது காலேஜில் இல்லை, பேராசிரியர் நெவில் வீட்டில். சென்னைக்கு லெக்சர் கொடுக்க வந்தபோது, இங்கிலாந்து வரும்படி ராமானுஜனிடம் பேசியவரும் இதே நெவில்தான். அவரும் மனைவி ஆலிஸும் சுமார் ஆறு வாரம் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூனில் டிரினிட்டி கல்லூரி அறைக்கு மாறினார். ஹார்டியுடன் ஆராய்ச்சி செய்ய அது வசதி. ஆனால் சுத்த சைவம் என்பதால் தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டியிருந்தது. ஆகஸ்டில் உலகப்போர் வேறு வந்துவிட, காய்கறி கிடைப்பதே கஷ்டமானது. 1917-ல் படுக்கையில் விழுந்தார்.

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் மறைந்தார், வயது 32.

வெளிநாட்டுப் படிப்புக்கு ஃபீஸ், விசா எல்லாம் கணக்குப் போடுகிறோம். சாப்பிட்டாயா என்று கேட்க அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.