டிக்கெட்டில் அச்சான நேரம்: சர் சி. வி. ராமனும் ஒரு டைம்ஸ்டாம்ப் பாடமும்



சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காலை 8.40-க்கு ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறுறீங்க. செம கூட்டம். கண்டக்டர் பின்னாடியிருந்து ஒவ்வொருத்தராகத் தாண்டி வர்றார். நடுவில் ஒருத்தர் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்ட, சில்லறைப் பஞ்சாயத்து. உங்க கைக்கு டிக்கெட் வரும்போது பஸ் காவிரிப் பாலத்தையே தாண்டியாச்சு. டிக்கெட்டில் நேரம் 8.52. மெஷின் பொய் சொல்லவில்லை. தான் அச்சடித்த நேரத்தை அது சரியாகத்தான் சொல்கிறது. நீங்க ஏறிய நேரம்தான் அதில் இல்லை.

இந்த 12 நிமிஷ இடைவெளிதான் இந்தக் கட்டுரை. அதே பஸ்ஸில் திருவானைக்காவலில் இறங்கிக்கலாம். ஏன்னா, இந்த இடைவெளி பெரிய விளையாட்டு காட்டிய ஒரு வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது.

தாத்தா வீட்டில் பிறந்தவர்

1888 நவம்பர் 7. ஜம்புகேஸ்வரர் கோயில் இருக்கும் அதே திருவானைக்காவலில், தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்தார் சந்திரசேகர வெங்கட ராமன். தாத்தா சப்தரிஷி சாஸ்திரி சமஸ்கிருத அறிஞர். இளம் வயதில் தர்க்க சாஸ்திரம் படிக்கணும் என்பதற்காக இங்கிருந்து வங்காளம் வரை நடந்தே போனவர். பேரனும் பின்னாளில் வங்காளம்தான் போனார், ரயிலில்.

அப்பா சந்திரசேகர ஐயருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைக்க, குடும்பம் 1892-இல் அங்கே போய்விட்டது. ராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்தார். 1904-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ., முதலிடம். 1906-இல், 18 வயதில், லண்டனிலிருந்து வரும் ஃபிலசாஃபிகல் மேகசின் என்ற ஆய்விதழில் முதல் கட்டுரை. நம்மில் பலர் அந்த வயதில் முதல் செமஸ்டர் அரியரை நினைச்சுக் கவலைப்பட்டுக்கிட்டு இருந்தோம்.

1907-இல் நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். அங்கே பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. பகலில் அரசாங்கக் கணக்கு, காலையும் மாலையும் சோதனைக்கூடம். இப்படியே 10 வருஷம்.

ஒரே தட்டில் இரண்டு கோடு

அந்தப் பத்து வருஷத்தில் அவர் அதிகம் ஆராய்ந்தது ஒலியை: கம்பி, வயலின், வில். அதில் ஒரு சோதனையை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

செல்லோ என்ற பெரிய வயலினில் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் சரியாக வராது, உறுமும். ஓநாய்ச் சுரம் என்று அதற்குப் பெயர். கம்பி அதிர்கிறது, வாத்தியத்தின் மர உடலும் அதிர்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ இழுபறி. யார் முன்னே, யார் பின்னே?

கம்பியை ஒரு நாள், உடலை இன்னொரு நாள் படமெடுத்தால் இதற்கு விடை கிடைக்காது. 1916-இல் ராமன் இரண்டின் அதிர்வையும் ஒரே நேரத்தில், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் படம் பிடித்தார். இரண்டு கோட்டுக்கும் நேர அச்சு ஒன்றுதான். அப்போதுதான் தெரிந்தது, கம்பியில் மாற்றம் முதலில் வருகிறது, உடலின் மாற்றம் சற்றுப் பின்னால் வருகிறது.

இது எனக்கு ஏன் உறைத்தது தெரியுமா? எங்க மினி ப்ராஜெக்ட். ஒரு மீட்டர் இரும்புப் பட்டையின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு அதிர்வு சென்சார், லைனக்ஸ் ஓடும் ஒரு சின்ன போர்டு. ஒரு முனையைத் தட்டினோம். வரைபடத்தில் தட்டாத முனை முதலில் அதிர்ந்திருந்தது! காரணம் பிறக்கும் முன்னே விளைவு பிறந்துவிட்டது. வயரிங்கை மூன்று தடவை மாற்றினோம். தப்பு வயரில் இல்லை. சென்சாரைப் படித்து முடித்த பிறகு, பைத்தான் புரோகிராமில் நேரத்தைக் கேட்டுப் பதிவு செய்தோம். அதாவது, டிக்கெட் மெஷின் நேரத்தை ஏறிய நேரம் என்று நம்பினோம்.

பஸ்ஸுக்குள் என்ன நடக்குது?

சென்சாரும் புராசஸரும் பேசிக்கொள்ளும் எஸ்.பி.ஐ. என்ற சீரியல் பஸ்ஸை எடுத்துக்கோங்க. பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் போகும். கடிகாரத் துடிப்பு 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு பைட் போக 0.8 மைக்ரோ விநாடி போதும். வேகத்தில் குறையே இல்லை. குறை எல்லாம் பஸ் கிளம்புவதற்கு முன்னும் வந்து சேர்ந்த பின்னும்தான்.

உங்க புரோகிராம் படி என்று கேட்டதும், அந்தக் கோரிக்கை கெர்னலில் வரிசையில் நிற்கலாம். டிரைவர் அதை எடுத்து, சிப்பைத் தேர்ந்தெடுக்கும் கம்பியை இறக்கி, பைட்டுகளைக் கன்ட்ரோலரின் ஃபிஃபோவில் போடும். ஃபிஃபோ என்பதும் ஒரு வரிசைதான். நடுவில் நெட்வொர்க் கார்டு ஓர் இன்டரப்ட் கொடுத்தால் புராசஸர் அதைக் கவனிக்கப் போய்விடும். அதுதான் சில்லறைப் பஞ்சாயத்து. எல்லாம் முடிந்தபின் உங்க புரோகிராம் தூக்கத்திலிருந்து எழ ஷெட்யூலர் மனசு வைக்கணும். இதில் எந்தத் தாமதமும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்காது. நிலையான தாமதம் என்றால் கழித்துவிடலாம். மாறிக்கொண்டே இருப்பதை எப்படிக் கழிப்பீங்க?

இதற்கு லைனக்ஸ் கெர்னலில் 2019-இல் ஒரு வழி செய்தார்கள். தேவை வந்தது கார்களில் பயன்படும் எஸ்.ஜே.ஏ. 1105 என்ற ஈதர்நெட் ஸ்விட்ச் சிப்பிலிருந்து. அதற்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. அதை எஸ்.பி.ஐ. வழியாகப் படித்து, கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிடணும். சிப் தன் நேரத்தைப் பிடித்து வைப்பது, பரிமாற்றத்தில் ஒரு குறிப்பிட்ட பைட் போகும் கணத்தில். அதனால் மொத்தப் பரிமாற்றத்துக்கும் முன்னும் பின்னும் நேரம் எடுத்தால் போதாது. அந்த ஒரு பைட்டுக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை கணினியின் நேரத்தை எடுக்கணும். எந்த பைட் என்று சிப்பின் டிரைவர் சொல்லும். நேரத்தை எடுப்பது எஸ்.பி.ஐ. கன்ட்ரோலரின் டிரைவர், கம்பிக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கும் ஆள். தேவைப்பட்டால் அந்தச் சில மைக்ரோ விநாடிக்கு இன்டரப்டையே நிறுத்தி வைக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. சரியாக இந்தக் கணம் என்று அது சொல்வதில்லை. இந்தக் கணத்துக்குப் பின், அந்தக் கணத்துக்கு முன் என்று இரண்டு எல்லை தருகிறது. உண்மை நடுவில் எங்கோ. இரண்டு எல்லைக்கும் சரிபாதியை எடுத்துக்கொண்டால், பிழை அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் போகாது.

இப்போ மறுபடி கல்கத்தா போவோம். அங்கே 1928-இல் நடந்ததும் இதே கதைதான். பைட்டுக்குப் பதிலாக ஒளி, அவ்வளவுதான்.

எந்தத் தேதி சரியான தேதி?

1917-இல் ராமன் நல்ல சம்பளம் தந்த அரசு வேலையை விட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் ஆனார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து ஒளிச்சிதறல்தான் வேலை.

1923-இல் அவருடைய மாணவர் கே. ஆர். ராமநாதன் திரவங்களில் ஒரு மங்கலான கூடுதல் ஒளியைப் பார்த்தார். ஏதோ அசுத்தத்தால் வரும் ஒளிர்வு என்று அது பதிவானது. நிகழ்வு நடந்தாச்சு, டைம்ஸ்டாம்ப் கூட இருக்கு, ஆனால் லேபிள் தப்பு.

1928 ஜனவரி கடைசியில், விருதுநகர் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் இந்தச் சோதனையில் இறங்கினார். சூரிய ஒளியை நீல வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் விட்டு, கண்ணுக்கு முன் அதற்கு எதிரான வடிகட்டியை வைப்பது. நிறம் மாறாவிட்டால் எதுவுமே தெரியக்கூடாது. தெரிந்தது. கிருஷ்ணன் இந்த நாட்களில் டைரி எழுதினார். பிப்ரவரி 7-க்குள் பல திரவங்களில் அந்த ஒளி தெரிந்துவிட்டதை அந்த டைரிதான் நமக்குச் சொல்கிறது. பிப்ரவரி 28 அன்று பாதரச விளக்கும் நிறமாலைக் காட்டியும் வைத்துப் பார்த்தபோது, புது ஒளி தனியாகப் பிரிந்து நின்றது. சந்தேகம் போனது.

அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஸ்டாம் என்ற இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் இதையே பார்த்துவிட்டார்கள். தேதி பிப்ரவரி 21. ராமனின் 28-க்கு ஒரு வாரம் முன்!

அப்போ நோபல் ஏன் ராமனுக்கு மட்டும்? வரிசையைப் பாருங்க. ராமன் மறுநாளே, பிப்ரவரி 29 அன்று, செய்தி நிறுவனம் வழியாக உலகுக்குச் சொல்லிவிட்டார். மார்ச் 16 பெங்களூரில் உரை. 1926-இல் தானே தொடங்கிய இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸில் அதை அச்சடித்து, பிரதிகளைப் பல நாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். லண்டனின் நேச்சர் இதழ் பிப்ரவரி 16 தேதியிட்ட அவர்களுடைய முதல் குறிப்பை மார்ச் 31-இல் வெளியிட்டது. மாஸ்கோ இருவரும் கட்டுரையை அனுப்பியது மே மாதம், வெளியானது ஜூலையில். 1930-இல் நோபல் பரிசு ராமனுக்குத் தனியாகக் கிடைத்தது. ரஷ்யாவில் இதைக் கூட்டுச் சிதறல் என்றும் சொல்கிறார்கள்.

யார் பக்கம் நியாயம்? டிரைவர் எழுதுபவர் கண்ணில் பார்த்தால், ராமன் அணியின் கண்டுபிடிப்பு ஒரு புள்ளியே இல்லை. பிப்ரவரி 7 ஓர் எல்லை, 28 இன்னோர் எல்லை. மாஸ்கோவின் 21 இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. டைரி இல்லாமல் போயிருந்தால் பிப்ரவரி 7 என்ற எல்லை நம்மிடம் இருந்திருக்காது. அந்த டைரி எழுதிய கிருஷ்ணன் பெயர் முதல் நேச்சர் குறிப்பில் ராமன் பெயரோடு இருக்கிறது. ஆனால் விளைவுக்கு வைத்த பெயரில் இல்லை. நாம 1987 முதல் தேசிய அறிவியல் நாள் கொண்டாடுவது பிப்ரவரி 28-இல். கடைசி எல்லையைத்தான் காலண்டரில் குத்தி வைத்திருக்கிறோம்.

பெங்களூர், கடைசி வரை

1933-இல் ராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் ஆனார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர். கருத்து மோதல்களில் 1937-இல் பதவியை விட்டார், பேராசிரியராகத் தொடர்ந்தார். 1948-இல் தன் பெயரில் சொந்த ஆராய்ச்சி நிலையம். 1954-இல் பாரத ரத்னா. 1970 அக்டோபர் 2 அன்று தன் நிலையத்தில் அவர் ஆற்றிய கடைசி காந்தி நினைவுச் சொற்பொழிவு காது எப்படிக் கேட்கிறது என்பதைப் பற்றி. தொடங்கிய ஒலியிலேயே வந்து முடித்தார். நவம்பர் 21 அன்று காலமானார், 82 வயது.

சரி, நமக்கு என்ன?

எங்க ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். சென்சார் தரும் டேட்டா-தயார் சிக்னலை ஓர் இன்டரப்ட் பின்னில் இணைத்து, அந்த இன்டரப்ட் வந்த உடனேயே டிரைவருக்குள் நேரத்தை எடுத்தோம். இரண்டு சென்சாருக்கும் ஒரே கடிகாரம். பைத்தான் எப்போ எழுந்தாலும் பரவாயில்லை, முத்திரை முன்னாடியே குத்தியாச்சு. அதுக்கப்புறம் தட்டிய முனைதான் முதலில் அதிர்ந்தது.

இன்னொன்னும் செய்தோம், இதை எழுதக் கொஞ்சம் வெட்கமா இருக்கு. லேப் ரெக்கார்டை சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து, பழைய தேதிகளைப் போட்டு நிரப்புவோமே, அதை நிறுத்திட்டோம். நீங்களும் அப்படித்தானே? நம்ம ரெக்கார்டில் எல்லாம் ஏறிய நேரம் மாதிரி எழுதின டிக்கெட் நேரம்தான். பார்த்த அன்னிக்கே ஒரு வரி எழுதி தேதி போடுங்க. புரியலைன்னா புரியலைன்னே எழுதுங்க. பத்து வருஷம் கழிச்சு அதில் என்ன இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்?

அடுத்த தடவை திருவானைக்காவலில் இறங்கும்போது டிக்கெட்டைத் தூக்கிப் போடும் முன் ஒரு தடவை நேரத்தைப் பாருங்க.