சூடாமணி நிகண்டு தந்த மண்டலபுருடர்

திருநெல்வேலிச் சீமையின் கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் சமணப் பள்ளியொன்று சிறந்து விளங்கியது. அங்குப் பயிற்றிய குரவர், குரத்தியர், பயின்ற மாணாக்கர் ஆகியோர் பெயர்களைக் கல்வெட்டுகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அம்மலையின் பெயரை எழுதும்போதே இக்காலச் சிறுவர் சிலர் இடறுவர். தென்பாண்டிப் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலித்தல் உண்டு. ஆதலின் தாமிரவருணிக் கரையில் விளையும் வாழையும், நீரில் நீந்தும் வாளையும் செவிக்கு ஒன்றாகிவிடுகின்றன.

இத்தகைய மயக்கத்தை நீக்க உதவும் நூலொன்றை நம் சமணச் சான்றோர் ஒருவர் அளித்துச் சென்றார். அவரே மண்டலபுருடர்.

அவர் தொண்டை நாட்டு வீரை என்னும் ஊரினர். குணபத்திரரை ஆசிரியராகக் கொண்டவர். தம் நூலில் கிருட்டிணராயரின் கொடையைப் போற்றுவதால், 1509 முதல் 1529 வரை ஆண்ட விசயநகர வேந்தர் காலத்தவர் என்று அறிஞர் பலர் கருதுவர். தம்மைப் பற்றி அவர் கூறியது சிறிதே. தமிழுக்குச் செய்ததோ பெரிது.

திவாகரம், பிங்கலம் ஆகிய முன்னைய நிகண்டுகள் நூற்பாக்களால் ஆனவை. அவற்றின் பொருளைத் தழுவி, பிள்ளைகள் இசையோடு ஓதி மனத்திற் பதிக்கத்தக்க விருத்தப்பாவில் சூடாமணி நிகண்டை அவர் இயற்றினார். அதன் 12 தொகுதிகளுள் 11ஆவது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. அதில் சொற்கள் இரண்டாம் எழுத்தின் எதுகையால் வகுக்கப்பட்டுள்ளன. அம்முறைப்படி ஆண்மானையும் கல்வியையும் குறிக்கும் கலை லகர எதுகைக்கும், வயலிற் பறிக்கும் களை ளகர எதுகைக்கும், மூங்கிலாகிய கழை ழகர எதுகைக்கும் உரியன. நாவில் எழுத்து மயங்கினும், மனனம் செய்த எதுகை பிழையைத் திருத்திவிடும்.

அருகன் வாழ்த்தோடு தொடங்கும் இந்நூலைத் திண்ணைப் பள்ளிகளில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் ஓதினர். சைவப் பெரியாராகிய ஆறுமுக நாவலர் 1849இல் இதனை உரையுடன் அச்சிட்டார். பிறர் இத்துணைப் போற்றிய நூலை நம் இல்லங்கள் மறத்தல் தகுமோ?

பெற்றோர்களே! நாளொன்றுக்கு ஒரு சொல்லேனும் எடுத்து, அதன் எழுத்தையும் பொருளையும் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். மண்டலபுருடருக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே.