டூலிட்டில்: எண்பது வீரர்களும் எண்ணப்படாத உயிர்களும்

இரண்டாம் உலகப் போரில் டோக்கியோ மீது முதன்முதலாகக் குண்டு வீசிய அமெரிக்கப் படையணியின் தலைவர் என்ற வகையில் வரலாற்றில் இடம்பெற்றவர் ஜேம்ஸ் டூலிட்டில். ஆனால், 1942 ஏப்ரலில் அத்தாக்குதல் முடிந்த பின்னர், கிழக்குச் சீனாவின் மலைப்பகுதியில் நொறுங்கிக் கிடந்த தமது விமானத்தின் அருகே அமர்ந்திருந்த அவர், தாம் முற்றாகத் தோற்றுவிட்டதாகவே எண்ணினார். தம்முடன் வந்த 16 விமானங்களையும் இழந்த குற்றத்துக்காக இராணுவ நீதிமன்றத்தைச் சந்திக்க நேரும் என்றும் அவர் நம்பினார்.

உடனிருந்த விமானப் பொறியாளர் பால் லெனர்ட் அவ்வாறு கருதவில்லை. டூலிட்டிலுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதும், தளபதிப் பதவியும், புதிய விமானமும் கிடைக்கும் என்று கூறிய அவர், அந்த விமானத்திலும் தாமே பொறியாளராகப் பணியாற்ற விரும்புவதாகத் தெரிவித்தார். ஒரு விமானிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது என்பது டூலிட்டிலின் கருத்து.

துணிச்சலும் கணக்கும்

டூலிட்டில் 1896 டிசம்பர் 14 ஆம் தேதி கலிஃபோர்னியாவின் அலமீடாவில் பிறந்தார். சிறுவயதை அலாஸ்காவில் கழித்தார். முதலாம் உலகப் போர்க்காலத்தில் விமானியானார்.

1922 இல் அமெரிக்காவை ஒரே நாளுக்குள் குறுக்காகப் பறந்து கடந்து புகழ்பெற்றார். 1925 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் விமானவியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1929 இல், வெளியே எதையும் பார்க்காமல், கருவிகளின் துணையுடன் மட்டுமே விமானத்தை மேலெழுப்பித் தரையிறக்கிக் காட்டினார். ஆபத்தை விரும்பியவர் என்பதைவிட, ஆபத்தைக் கணக்கிடத் தெரிந்தவர் என்பதே அவருக்குப் பொருந்தும்.

ஐவர் கொண்ட குழுக்கள்

1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டதன் பின்னர், ஜப்பானின் கை எங்கும் ஓங்கியிருந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5 ஆம் தேதி கொழும்பும், 9 ஆம் தேதி திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அத்தாக்குதல்களை நடத்திய விமானந்தாங்கிக் கப்பல்கள் நாடு திரும்பிக் கொண்டிருந்த வேளையில்தான் டூலிட்டிலின் படையணி டோக்கியோவை நெருங்கியது.

தரைத் தளங்களுக்கென வடிவமைக்கப்பட்ட பி-25 ரகக் குண்டுவீச்சு விமானங்களைக் கப்பலிலிருந்து பறக்கவிடுவதே திட்டம். அவற்றால் மீண்டும் கப்பலில் இறங்க இயலாது என்பதால், ஜப்பானைத் தாக்கிவிட்டுச் சீனாவில் தரையிறங்க வேண்டியிருந்தது.

விமானத்துக்கு ஐவராக 80 பேர் தாமாகவே முன்வந்தனர். தாக்கப்போகும் நகரங்கள் எவை என்பது கடலுக்குச் சென்ற பின்னரே அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. மருத்துவரான தாமஸ் வைட், துப்பாக்கிப் பயிற்சி பெற்று, சுடுநராகவே ஒரு விமானத்தில் இடம்பிடித்தார்.

ஏப்ரல் 18 ஆம் தேதி காலை, ஹார்னெட் கப்பல் ஜப்பானியக் காவற்படகு ஒன்றின் கண்ணில் பட்டது. இதனால் திட்டமிட்டதைவிடச் சுமார் 10 மணி நேரம் முன்னதாக, ஜப்பானிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவிலேயே விமானங்கள் புறப்பட நேர்ந்தது. சீனாவைச் சென்றடைய எரிபொருள் போதாமற்போகலாம் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது.

முதலில் புறப்படும் விமானத்துக்கே மிகக் குறைந்த ஓடுதளம் கிடைக்கும்: 467 அடி. அந்த விமானத்தை டூலிட்டில் தாமே ஓட்டினார். அந்த விமானிகளில் எவரும் அதற்கு முன்னர் பி-25 விமானத்தைக் கப்பலிலிருந்து செலுத்தியதில்லை. ஆயினும் 16 விமானங்களும் பாதுகாப்பாக மேலெழுந்தன.

டோக்கியோ, யோகோஹாமா, நகோயா, கோபே உள்ளிட்ட நகரங்கள் தாக்கப்பட்டன. பொதுமக்கள் உட்படச் சுமார் 50 பேர் உயிரிழந்தனர். இராணுவரீதியில் சேதம் சிறிதே. எனினும், தாய்மண்ணை எவரும் தொட முடியாது என்ற ஜப்பானின் நம்பிக்கை தகர்ந்தது.

விலை கொடுத்தவர்கள்

ஒரு விமானம் சோவியத் ஒன்றியத்தில் இறங்கியது. ஏனைய 15 விமானங்களும் இருளிலும் மழையிலும் சீனக் கரையோரத்திலும் மலைகளிலும் வீழ்ந்தன. மூவர் உயிரிழந்தனர். எண்மர் ஜப்பானியரிடம் பிடிபட்டனர். அவர்களில் மூவர் அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டனர், ஒருவர் 1943 இல் சிறையில் மாண்டார். எஞ்சிய நால்வர் 1945 இல்தான் விடுதலையாயினர்.

மற்ற 64 பேரும் தப்பியது சீனக் கிராம மக்களின் துணையால். காயமுற்றோரைச் சுமந்தும், வீடுகளில் ஒளித்து வைத்தும், வழிகாட்டியும் அவர்கள் காப்பாற்றினர். படுகாயமடைந்த விமானி டெட் லாசனின் காலைச் சீன மருத்துவமனை ஒன்றில் மருத்துவர் வைட் அகற்ற நேர்ந்தது. சுடுநராக வந்தவர் அங்கே மீண்டும் மருத்துவரானார்.

அம்மக்கள் கொடுத்த விலை மிகக் கொடியது. 1942 மே மாதம் முதல் செப்டம்பர் வரை செஜியாங், ஜியாங்ஷி மாகாணங்களில் ஜப்பானியப் படைகள் விமானத் தளங்களை அழித்தன, கிராமங்களை எரித்தன, நோய்க்கிருமிகளையும் பரப்பின. சுமார் இரண்டரை லட்சம் சீனப் பொதுமக்கள் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. இத்தகைய பழிவாங்கல் நேரும் என்று சீனத் தலைவர் சியாங் கை-ஷேக் முன்னரே அஞ்சியிருந்தார். ஆனால் தாக்குதலின் முழு விவரம் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை.

அந்த முடிவுகள் டூலிட்டிலுக்கு மேலிருந்தவர்களால் எடுக்கப்பட்டவை. கொலைகளின் பொறுப்பு அவற்றைச் செய்தவர்களையே சாரும். எனினும், எண்பது பேரும் தாமாக முன்வந்தவர்கள் என்பதையும், அக்கிராம மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் மறுக்க முடியாது.

கவிழ்ந்த கிண்ணங்கள்

லெனர்ட் முன்கூட்டிக் கூறியவாறே அந்த மே மாதம் வெள்ளை மாளிகையில் டூலிட்டிலுக்கு உயரிய விருது வழங்கப்பட்டது. தளபதிப் பதவியும் கிடைத்தது. வட ஆபிரிக்காவிலும் லெனர்ட் அவருடனேயே பணியாற்றினார். 1943 ஜனவரியில், அல்ஜீரியத் தளம் ஒன்றில் டூலிட்டிலின் விமானத்தைக் காத்து நின்றபோது, ஜெர்மனியின் குண்டுவீச்சில் அவர் பலியானார். போரில் தமக்கு நேர்ந்த மிகப் பெரிய துயரம் அதுவே என்று டூலிட்டில் பின்னாளில் பதிவு செய்தார்.

பின்னர் ஐரோப்பாவில் 8 ஆவது விமானப் படையின் தளபதியாக, தமது வீரர்கள் நாடு திரும்புமுன் நிறைவேற்ற வேண்டிய பறப்புகளின் எண்ணிக்கையை அவர் உயர்த்தினார். தோழராகப் பறந்தவர், தளபதியானபோது, வீரர்களின் வெறுப்புக்கும் ஆளானார்.

ஆயினும் அந்த எண்பது பேரின் உறவு அறுபடவில்லை. போர் முடிந்ததும் 1945 டிசம்பரில், தமது பிறந்த நாளில், உயிருடன் இருந்தோரை மயாமி நகரில் கூட்டி டூலிட்டில் விருந்தளித்தார். அச்சந்திப்பு ஆண்டுதோறும் தொடரும் வழக்கமாயிற்று. 1959 இல் டூசான் நகரம் 80 வெள்ளிக் கிண்ணங்களை வழங்கியது. ஒவ்வொன்றிலும் ஒரு வீரரின் பெயர் நேராகவும் தலைகீழாகவும் பொறிக்கப்பட்டது. ஒருவர் மறைந்ததும் அவரது கிண்ணம் கவிழ்த்து வைக்கப்பட்டது.

1993 செப்டம்பர் 27 ஆம் தேதி, தமது 96 ஆவது வயதில் டூலிட்டில் காலமானார். எண்பது பேரில் இறுதியாக எஞ்சியிருந்தவர், அவருக்கு அருகில் துணை விமானியாக அமர்ந்து பறந்த ரிச்சர்ட் கோல். அவரும் 2019 ஏப்ரலில் மறைந்ததை அடுத்து எண்பதாவது கிண்ணமும் கவிழ்ந்தது.

எண்பது பேரில் ஒவ்வொருவரின் பெயரும் இன்று வெள்ளியில் இருக்கிறது. அவர்களுக்காகக் கதவைத் திறந்த சீன மக்களோ, பெரும்பாலும் ஒரு மதிப்பீட்டு எண்ணாகவே வரலாற்றில் எஞ்சியுள்ளனர்.